குச்சிக்கிழங்கும் குளூட்டமேட்டும்

சேலத்துக்குத் தெற்கே இருக்கிறது பனமரத்துப்பட்டி. ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்த பெரிய ஏரியும், சுற்றிலும் இருக்கும் அரளித் தோட்டங்களும் அந்த ஊரின் அடையாளங்கள். பொழுது விடிவதற்குள் மொட்டாகப் பறித்த அரளி, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து கோயில் மாலைகளாக ஊர் ஊராகப் பிரிகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, வாழப்பாடி, ஆத்தூர், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் குச்சிக்கிழங்குக் காடுகள். புத்தகங்களில் மரவள்ளி என்று எழுதப்படும் அந்தப் பயிரில் முள்ளுவாடி, குங்குமரோஸ், பர்மா, தாய்லாந்து என்று பல ரகங்கள். கிழங்கு லோடு லோடாகச் சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி இதுதான்.

இரண்டு செடிகளிலும் நஞ்சு உண்டு. ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குச்சிக்கிழங்கின் பச்சை இலையை வயிறு முட்டத் தின்ற ஆடு பிழைப்பது கடினம் என்பதால், அந்தக் காட்டோரம் மேய்க்கும்போது கவனம் முழுக்க ஆட்டின் மேல்தான் இருக்கும். அரளியின் நஞ்சு இதயத்தைப் பிடிக்கிறது. கிழங்கின் நஞ்சு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சங்கதிகள். ஆனால் மூளைக்குள் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடந்து முடியும் ஒரு நிகழ்ச்சியை விளக்க இந்த இரண்டையும் விடப் பொருத்தமான சாட்சிகள் கிடைக்க மாட்டார்கள். குளூட்டமேட் என்ற சிறு மூலக்கூறு ஒரு நரம்பணுவிலிருந்து புறப்பட்டு அடுத்த நரம்பணுவின் ஏற்பியில் போய் அமர்வதுதான் அந்த நிகழ்ச்சி. கிழங்கின் நஞ்சு உடலுக்குள் உருமாறி அந்த ஏற்பி வரை போகக்கூடும். அரளியின் நஞ்சோ, ஏற்பி வேலை முடித்த பிறகு செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பம்பைப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது.

குளூட்டமேட் நம் சமையலறைக்குப் பழைய விருந்தாளி. பழுத்த தக்காளியில் அது நிறைய இருக்கிறது. ரசத்தின் ருசியில் அதற்கும் பங்கு உண்டு. 1866-இல் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் ஹைன்ரிஷ் ரிட்ஹவுசன் கோதுமைப் புரதத்திலிருந்து குளூட்டாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றுக்கு ருசி தருவது இதன் உப்புதான் என்று கண்டார். அடுத்த ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. உணவில் உள்ள குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடலே எரித்துவிடுகிறது. மிச்சம் ரத்தத்தில் கலந்தாலும், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு அதை எளிதில் உள்ளே விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

இவ்வளவு சாதாரணமான பொருள், மூளையின் தலையாய செய்தியாளராக இருக்கும் என்று விஞ்ஞானிகளே நம்பவில்லை. 1954-இல் ஜப்பானின் தகாஷி ஹயாஷி, நாயின் மூளைப் புறணியில் குளூட்டமேட்டைச் செலுத்தியபோது வலிப்பு வந்ததைப் பதிவு செய்தார். 1959, 60 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டேவிட் கர்ட்டிஸ், ஜான் ஃபில்லிஸ், ஜெஃப்ரி வாட்கின்ஸ் மூவரும் பூனையின் தண்டுவட நரம்பணுக்கள் மேல் அதைத் துளித்துளியாக விட்டுப் பார்த்தார்கள். தொட்ட நரம்பணு எல்லாம் துடித்தது. அதுவே அவர்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. எல்லா நரம்பணுவையும் தூண்டும் ஒன்று எப்படிக் குறிப்பிட்ட செய்தியைச் சுமக்கும்? அதைச் சிதைத்து அகற்றும் நொதியும் அங்கே தென்படவில்லை. ஆகவே இது இயற்கையான நரம்புச் செய்தியாளராக இருக்க வாய்ப்பில்லை என்றே அவர்கள் எழுதினார்கள். அந்தக் கருத்து மாற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. பழைய கருத்தை மாற்றிய முக்கியமான வேதிப்பொருள்களில் பலவற்றைத் தயாரித்தவரும் அதே வாட்கின்ஸ்தான். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை குளூட்டமேட்டால் இயங்குகின்றன என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி.

இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒன்று. மின்துடிப்பு வந்து சேர்ந்ததும், இந்தப் பக்கத்து நரம்பணு ஒரு நுண்பையை உடைத்துச் சில ஆயிரம் குளூட்டமேட் மூலக்கூறுகளை இடைவெளியில் கொட்டுகிறது. எதிர்ப்பக்கச் சவ்வில் ஏற்பிகள் பதிந்திருக்கின்றன. மூலக்கூறு போய் அமர்கிறது, ஏற்பி திறக்கிறது, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, அந்த நரம்பணுவின் மின்னழுத்தம் மாறுகிறது. எல்லாம் ஓரிரு மில்லிநொடிக்குள்.

இந்த வேகமான வேலையைச் செய்வது ஆம்பா ஏற்பி. அதன் உருவத்தை அணு அணுவாகக் காண உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. 1989-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ஸ்டீஃபன் ஹைன்மன் குழு, இந்தக் குடும்பத்தின் முதல் மரபணுவைப் பிரித்தெடுத்தது. 1998-இல் எரிக் கூவோ குழு, குளூட்டமேட் அமரும் பகுதியை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் காட்டியது. முழு ஏற்பியின் வடிவம் 2009-இல்தான் வெளியானது. சவ்வில் பதிந்து வாழும் புரதத்தைச் சவ்விலிருந்து பெயர்த்து, குலையாமல் படிகமாக்குவது அவ்வளவு கடினமான வேலை.

அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது அதன் உயரம். ஏற்பியின் பெரும்பகுதி சவ்வுக்கு வெளியே, அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு புரதத் துணையலகுகள் கூடி ஒரு ஏற்பி. ஒவ்வொன்றுக்கும் மூன்று அடுக்குகள். உச்சியில் உள்ள அடுக்கு, யார் யாரோடு கூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நடு அடுக்கில் இரண்டு மடல்கள், அவற்றுக்கு நடுவே ஒரு பிளவு. குளூட்டமேட் வந்து அமர்வது அங்கேதான். கீழடுக்கு சவ்வை ஊடுருவி நிற்கிறது; நான்கு கீழடுக்குகளும் சேர்ந்து நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. மேலே இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து நிற்பவை, சவ்வுக்குள் போனதும் நான்காகச் சீராகச் சுற்றி நிற்கின்றன. ஒரே புரதத்துக்குள் இரண்டு விதமான ஒழுங்கு எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி அதுவரை பலரைக் குழப்பியிருந்தது. விடை எளிமையானது: வேதியியலில் நான்கு துணையலகுகளும் ஒன்றேயானாலும், நிற்கும் இடத்தைப் பொறுத்து அவை இரண்டு வகை உருவம் எடுக்கின்றன.

பிளவுக்குள் குளூட்டமேட் விழுந்ததும் இரண்டு மடல்களும் அதன் மேல் மூடிக்கொள்கின்றன. மேல் மடல்கள் ஜோடியாகப் பிணைந்து அசையாமல் இருப்பதால், அசைவு முழுவதும் கீழ் மடலுக்குப் போகிறது. கீழ் மடலிலிருந்து ஒரு சிறு இழை சவ்வுக்குள் இறங்கித் துளையின் வாயை மூடியிருக்கும் சுருளைப் பிடித்திருக்கிறது. ஏரி மதகில் மேலே திருகைத் திருப்ப, கம்பி பலகையைத் தூக்க, அடியில் தண்ணீர் பாய்கிறதே, அதே ஏற்பாடு. நான்கு பக்கமும் இழை இழுபட்டால் வாய் அகலமாகத் திறக்கிறது. இரண்டு பக்கம் மட்டும் இழுபட்டால் கொஞ்சம் திறக்கிறது. மடல் எவ்வளவு இறுக மூடுகிறதோ அந்த அளவுக்குத் திறப்பு என்பதும் இந்த ஆராய்ச்சிகளில் தெரிந்தது.

திறந்த வாய் அப்படியே இருந்துவிடாது. குளூட்டமேட் பிளவுக்குள் இருக்கும்போதே, சில மில்லிநொடிகளில் மேல் மடல்களின் பிணைப்பு நழுவுகிறது. இழை தளர்கிறது, வாய் மூடுகிறது. ஏற்பி தன்னைத்தானே ஓய்வில் வைத்துக்கொள்கிறது. இந்தப் புரதத்தின் அழகே இங்கேதான் இருக்கிறது. திறப்பதற்குச் செய்த ஏற்பாட்டுக்குள்ளேயே மூடுவதற்கான ஏற்பாடும் அடங்கியிருக்கிறது. இந்தத் தளர்வைத் தடுக்கும் வேதிப்பொருள் ஒன்று கிடைத்தால் நரம்பணு சீக்கிரமே நொந்துவிடும்.

இன்னொரு காவலும் உண்டு. பெரும்பாலான ஆம்பா ஏற்பிகள் சோடியத்தை விடும், கால்சியத்தை விடாது. கால்சியம் செல்லுக்குள் நுழைந்தால் பல நொதிகளைத் தட்டி எழுப்பும். அளவு மீறினால் அவையே செல்லைத் தின்றுவிடும். கால்சியத்தைத் தடுப்பது, துளையின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம். மரபணுவில் அந்த இடத்தில் குளூட்டமின் என்று எழுதியிருக்கிறது. ஆனால் மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வில் ஒரு நொதி ஓர் எழுத்தைத் திருத்தி, அங்கே ஆர்ஜினைன் வரும்படி செய்துவிடுகிறது. 1991-இல் ஹைடல்பெர்க்கில் பீட்டர் சீபர்க் குழு இதைக் கண்டறிந்தது. இந்த ஒரு திருத்தத்தைச் செய்ய முடியாத சுண்டெலிகள் வலிப்பு கண்டு, பிறந்த மூன்று வாரங்களுக்குள் இறந்துவிடுகின்றன. கோடிக்கணக்கான எழுத்துகளில் ஒன்று!

ஆம்பா ஏற்பிக்குப் பக்கத்திலேயே என்எம்டிஏ ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. உருவம் ஏறக்குறைய அதேதான், குணம் வேறு. இது ஒரு குளூட்டமேட்டுக்காகத் திறந்துவிடாது. நான்கு துணையலகுகளில் இரண்டு குளூட்டமேட்டைப் பிடிக்க வேண்டும், மற்ற இரண்டு கிளைசின் என்ற வேறொரு அமினோ அமிலத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டும் அமைந்தாலும் போதாது. துளைக்குள் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கிறது; 1984-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன. நரம்பணு ஏற்கெனவே துடித்து அதன் மின்னழுத்தம் மாறியிருந்தால் மட்டுமே மக்னீசியம் வெளியேறி வழி விடும். அதாவது, செய்தி வந்திருக்க வேண்டும், அதே நேரத்தில் செய்தியை வாங்குபவரும் விழித்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நேர்ந்தால் கால்சியம் உள்ளே போகும். அதன் விளைவாக அந்தச் சந்திப்பில் ஆம்பா ஏற்பிகளின் எண்ணிக்கை கூடும். அடுத்த முறை அதே வழியில் வரும் செய்தி பலமாகக் கேட்கும்.

1973-இல் டிம் பிளிஸ், டெர்ஜே லோமோ இருவரும் முயலின் மூளையில் இப்படிச் சந்திப்புகள் நீண்ட நேரம் வலுப்பெறுவதை முதலில் விரிவாகக் காட்டினார்கள். 1986-இல் ரிச்சர்ட் மாரிஸ், என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, கலங்கிய நீர்த்தொட்டியில் விட்டார். தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை மற்ற எலிகள் சீக்கிரமே கற்றுக்கொண்டன; இவை திரும்பத் திரும்பத் தேடி அலைந்தன. நீந்தும் திறமை குறையவில்லை, இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளும் திறமைதான் போயிற்று. வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தையின் மூளையிலும் இந்த ஏற்பிகள்தான் உழைக்கின்றன.

நம் ஊர் அறுவை அரங்குகளில் பல காலமாகப் பயன்படும் கீட்டமின் என்ற மயக்க மருந்து, இந்த என்எம்டிஏ ஏற்பியின் துளைக்குள் போய் அடைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஏற்பி முடங்கினால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை இன்னும் துயரமான விதத்தில் காட்டிய நோய் ஒன்று உண்டு. 2007-இல் ஜோசப் டால்மாவ் குழு அதை இனங்கண்டது. உடலின் எதிர்ப்பொருள்கள் தவறுதலாக இந்த ஏற்பியையே பிடித்துக்கொள்ள, நரம்பணுக்கள் அவற்றைச் சவ்விலிருந்து உள்ளே இழுத்துவிடுகின்றன. நன்றாக இருந்த இளம்பெண் சில நாட்களில் தூக்கமில்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, இல்லாத குரல்களைக் கேட்டு, பிறகு வலிப்பு வந்து, பேச்சும் அற்றுப்போகிறாள். சிலருக்குச் சூலகத்தில் உள்ள ஒரு கட்டி இதைத் தொடங்கி வைக்கிறது. காலத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். பேய் பிடித்துவிட்டது என்று கோயில் கோயிலாக அழைத்துப்போய் நாளைக் கடத்தினால், தேறக்கூடிய மூளை வீணாகிறது. முதுகுத்தண்டு நீரில் ஒரு பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் நோய் இது என்பதை ஊரில் உள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் அறிந்திருக்க வேண்டும்.

குடும்பத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கைனேட் ஏற்பி, ஜப்பானியர்கள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகக் கொடுத்த கடற்பாசியில் கிடைத்த அமிலத்தால் பெயர் பெற்றது. 1987-இல் கனடாவில் சிப்பி மாமிசம் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; சிலருக்குப் புதிய நினைவுகளைப் பதியும் திறனே நிரந்தரமாகப் போனது. சிப்பிகள் தின்ற நுண்பாசியில் இருந்த டோமோயிக் அமிலம், கைனேட் ஏற்பிகளை விடாமல் திறந்து வைத்ததே காரணம். டெல்டா என்ற மற்றொரு பிரிவின் முழு உருவத்தை 2020-இல் புனேயின் தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் ஜனேஷ் குமார் குழு, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டு வெளியிட்டது. துளையே இல்லாமல், செல்லுக்குள் வேதிச் செய்தியை மட்டும் அனுப்பும் எட்டு வகை ஏற்பிகளும் உண்டு. அவை மெதுவானவை, அவற்றுக்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

இனி அரளிக்கு வருவோம். ஏற்பி மூடிய பிறகும் இரண்டு வேலைகள் மிச்சம் இருக்கின்றன. இடைவெளியில் கிடக்கும் குளூட்டமேட்டை அகற்ற வேண்டும். உள்ளே புகுந்த சோடியத்தை வெளியேற்ற வேண்டும். முதல் வேலையைச் செய்வது பெரும்பாலும் நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள். அவற்றின் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் ஒரு குளூட்டமேட்டை உள்ளே இழுக்கும்போது, கூடவே மூன்று சோடியம் அயனிகளையும் இழுக்கின்றன. சோடியம் வெளியே அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருப்பதுதான் இந்த இழுப்புக்கான விசை. அந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கி வைத்திருப்பது சோடியம்-பொட்டாசியம் பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவருகிறது. 1957-இல் இதை இனங்கண்ட டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எரிக்கிறது என்றால், அதில் பெரும்பகுதி இந்தப் பம்பை ஓட்டத்தான் செலவாகிறது. பனமரத்துப்பட்டியின் அரளிச் செடியில் உள்ள ஒலியாண்ட்ரின் பிடித்து நிறுத்துவது இந்தப் பம்பைத்தான். உடலுக்குள் போனால் அது முதலில் இதயத்தில் உள்ள பம்பைப் பிடித்துக்கொள்வதால், துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகிறது.

மூளையில் பம்பு நிற்பதற்கு அரளி வேண்டியதில்லை, ரத்தம் நின்றால் போதும். பக்கவாதத்தில் நடப்பது அதுதான். மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் அடைபட்ட சில நிமிடங்களில் ஆற்றல் தீர்கிறது, பம்பு ஓய்கிறது, சோடியத்தின் ஏற்றத்தாழ்வு குலைகிறது. குளூட்டமேட்டை உள்ளே இழுக்க வேண்டிய கடத்திகள் எதிர்த்திசையில் ஓடி அதை வெளியே கக்குகின்றன. செல்லுக்குள் இருக்கும் குளூட்டமேட் வெளியில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பயங்கரம் புரியும். ஏற்பிகள் விடாமல் திறக்கின்றன, மக்னீசியம் விலகுகிறது, கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது, நரம்பணு தூண்டப்பட்டே சாகிறது. தூண்டுதலே நஞ்சாவதை விலங்குகளில் காட்டி, அதற்குப் பெயரும் வைத்தவர் அமெரிக்காவின் ஜான் ஓல்னி. பிறந்த சில நாட்களே ஆன சுண்டெலிகளுக்கு 1969-இல் குளூட்டமேட்டை ஊசியில் ஏற்றியபோது மூளையின் ஒரு பகுதி அழிந்ததை அவர் கண்டார். பக்கவாதத்துக்கு இந்த ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் பல சோதிக்கப்பட்டன. எலிகளைக் காத்தவை மனிதர்களிடம் தோற்றன. நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் வெள்ளம் வடிந்து, சேதம் முடிந்திருப்பது அதற்கு ஒரு காரணம்.

உணவின் வழியாக இதே அழிவு மெல்ல மெல்ல வந்த கதை இந்தியாவுடையது. 1830-களில் மத்திய இந்தியாவின் சாகர் பகுதியில் பயிர்கள் பொய்த்து, வறட்சியிலும் விளையும் கேசரிப் பருப்பை மட்டுமே மக்கள் உண்டபோது, இளைஞர்கள் பலர் ஒரே இரவில் கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போனதை வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1844-இல் வெளியான தன் நூலில் எழுதினார். முதலில் ஒரு கைத்தடி, பிறகு இரண்டு, கடைசியில் உட்கார்ந்து நகர்வது. அறிவு மங்காது, கை விளங்கும், கால்கள் மட்டும் கத்தரியாகப் பின்னிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டிலும் ரேவா பகுதியில் கொத்தடிமைத் தொழிலாளர்களுக்குக் கூலியாகவே கேசரிப் பருப்பு அளக்கப்பட்டது. நிலமும் நெல்லும் வைத்திருந்தவனுக்கு இந்த நோய் வரவில்லை. இதைச் சொல்லாமல் இந்த ஏற்பியைப் பற்றி எழுதுவது பாதி உண்மைதான்.

நஞ்சு எது என்பது 1964-இல் தெரிந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி.எஸ்.சர்மாவின் கீழ் எஸ்.எல்.என்.ராவ், பி.ஆர்.அடிகா ஆகியோர் கேசரி விதையிலிருந்து ஓடாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமினோ அமிலத்தைப் பிரித்தார்கள். கோழிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றியபோது அவற்றின் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு டெல்லியில் வி.வி.எஸ்.மூர்த்தி, டி.ஆர்.சேஷாத்ரி, டி.ஏ.வெங்கிடசுப்ரமணியன் மூவரும் அதே பொருளைத் தனியே கண்டறிந்தார்கள். சேஷாத்ரி, 1900-இல் குளித்தலையில் பிறந்தவர். காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். தாவர நிறமிகளின் வேதியியலில் உலகப் புகழ் பெற்று, 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இரண்டு குழுக்களும் கண்ட ஓடாப், ஆம்பா ஏற்பியில் குளூட்டமேட்டின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது என்பது 1980-களில் உறுதியானது. மடல்கள் அதன் மேல் மூடுகின்றன, வாய் திறக்கிறது. ஆனால் ஆஸ்ட்ரோசைட்டுகள் அதைக் குளூட்டமேட்டை அள்ளுவதுபோல் விரைவாக அள்ளுவதில்லை.

விற்பனைத் தடை 1961-இலேயே வந்துவிட்டது. இருந்தும் துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் கேசரி கலப்பது வெகுகாலம் தொடர்ந்தது. ஓடாப் தண்ணீரில் கரையும். கொதிநீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1960-களில் வழி சொன்னது. தண்ணீருக்கும் விறகுக்கும் பஞ்சமான வீட்டில் அதுவும் எளிதான காரியமில்லை. நஞ்சு குறைந்த ரத்தன், பிரதீக் முதலிய ரகங்கள் பிறகு உருவாயின.

குச்சிக்கிழங்கின் கதை இதற்கு மிக அருகில் வருகிறது. கிழங்கில் உள்ள லினமாரின், செல்கள் நசுங்கியதும் ஒரு நொதியோடு கலந்து சயனைடாகிறது. சிறிய அளவு சயனைடை உடல் சமாளிக்கும். கந்தகத்தைச் சேர்த்து தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தக் கந்தகம் புரத உணவிலிருந்து வர வேண்டும். 1938-இல் பெல்ஜியன் காங்கோவில் இத்தாலிய மருத்துவர் ஜியோவானி டிரோலி, கோன்சோ என்ற நோயை விவரித்தார். பெண்களும் குழந்தைகளும் திடீரென்று இரண்டு கால்களும் விறைத்து விழுகிறார்கள். அதன் பிறகு மாறுவதே இல்லை. 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில், வறட்சியில் கசப்புக் கிழங்கைத் தவிர வேறு உணவில்லாத கிராமங்களில் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அங்கே மாவட்ட மருத்துவராக இருந்த சுவீடன்காரர் ஹான்ஸ் ரோஸ்லிங், காரணம் கிழங்கிலும் பசியிலும் சேர்ந்தே இருப்பதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். மாணவராக இருந்தபோது 1972-இல் அவர் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்திருக்கிறார்.

கோன்சோவையும் கேசரி நோயையும் பக்கத்தில் வைத்தால் கால்கள் விறைப்பதும், அறிவு தெளிவாக இருப்பதும் ஒன்றாகவே தெரியும். தயோசயனேட் அயனி, ஆம்பா ஏற்பி குளூட்டமேட்டைப் பிடிக்கும் பிடியை இறுக்குகிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த செய்தி. இதை வைத்து 1999-இல் பீட்டர் ஸ்பென்சர், இரண்டு நோய்களும் ஒரே ஏற்பியில் சந்திக்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். ஒன்றில் போலி அமினோ அமிலம் ஏற்பியைத் திறக்கிறது. மற்றதில் உண்மையான குளூட்டமேட்டே அளவுக்கு மீறி வேலை செய்கிறது. சயனைடிலிருந்து உண்டாகும் வேறு பொருள்களும் குற்றவாளிகளாக இருக்கலாம் என்பவர்கள் உண்டு, விவாதம் முடியவில்லை.

சேலத்து ஜவ்வரிசியில் இந்தப் பயம் வேண்டாம். காரணம் ஆலையின் வேலை முறையிலேயே இருக்கிறது. கிழங்கைத் தோல் உரித்து, கழுவி, அரைத்து, தண்ணீர் விட்டுப் பாலாக வடிக்கிறார்கள். பால் தொட்டிகளில் தெளிந்து மாவு அடியில் படிகிறது. அரைக்கும்போது லினமாரின் நொதியோடு கலந்து உடைகிறது, தண்ணீரில் கரைகிறது, வடிநீரோடு போகிறது. பிறகு மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, சூட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயவைக்கும்போது மிச்சமிருக்கும் சயனைடும் ஆவியாகிறது. வீட்டில் குச்சிக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடும் பழக்கமும் இதே வேலையைச் செய்கிறது. இவற்றைவிடப் பெரிய காரணம், இந்தச் சமவெளியில் கிழங்கு பணப்பயிர்; தட்டில் சோறும் பருப்பும் முட்டையும் இருக்கின்றன. நாமக்கல் முட்டையில் நிறைய இருக்கும் கந்தகமுள்ள அமினோ அமிலங்கள்தான் நம்புலாவின் குழந்தைகளுக்குக் கிடைக்காமல் போனவை.

கிழங்கையே நம்பியிருக்கும் காங்கோவில், 2010 முதல் சில கிராமங்களில் மாவின் நஞ்சை நீக்கும் எளிய முறை ஒன்று பழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி அதை உருவாக்கினார். கிழங்கு மாவை ஒரு பாத்திரத்தில் போட்டு, மாவு நிற்கும் மட்டத்தை உட்பக்கத்தில் குறித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் விட்டுப் பிசையும்போது மாவு முதலில் இறங்கி, மேலும் தண்ணீர் சேர்ந்ததும் பழைய குறிக்கே ஏறி வரும். அதுவே சரியான பதம். பிறகு பாயில் மெல்லியதாகப் பரப்பி நிழலில் ஐந்து மணி நேரம், அல்லது வெயிலில் இரண்டு மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். சயனைடு காற்றோடு போய்விடுகிறது. அன்றைக்கே அந்த மாவில் களி கிண்டலாம். இந்த முறையைத் தவறாமல் கடைப்பிடித்த கே காலெங்கே கிராமத்தில் புதிதாக யாருக்கும் கோன்சோ வரவில்லை.